லேப்டாப் திரையைக் கீறல் விழாமல் துடைப்பது எப்படி: பினாங்கு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் மகளின் லேப்டாப்பைப் புத்தகங்களோடு பூசையில் வைத்திருக்கிறார்கள். மூடிவைத்தால் சாமிக்குத் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ, திறந்தே வைத்து, திரையின் மேல் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறார்கள். சந்தனம் கொஞ்சம் நீர்த்துப்போய்த் திரையில் வழிந்து காய்ந்துவிட்டது. தீபாராதனை முடிந்து எடுத்த விபூதியும் அதன்மேல் தூசியாகப் படிந்திருந்தது. காலையில் அக்கா சேலைத் தலைப்பை எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டார்.

"நான் மெதுவாத்தான் துடைச்சேன் தம்பி. சந்தனம் போயிருச்சு, ஆனா கோடு விழுந்திருச்சு" என்றார். அன்று மாலை ஆயர் ஈத்தாமுக்குப் போய்ப் பார்த்தேன். திரையை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நான்கு கோடுகள், துடைத்த கையின் வளைவு அப்படியே தெரிந்தது. அவற்றில் ஒன்று மட்டும் தடிமனாக இருந்தது. அது தலைப்பின் சரிகை போட்ட கோடு. மற்ற மூன்றும் விபூதி போட்டவை. சாணச் சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு. விரலில் தேய்த்தால் மாவுபோல்தான் இருக்கும், ஆனால் திரைக்கு அது மணல்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். பளபளப்பான பரப்புகளைத் துடைப்பதுதான் அங்கே பாதி வேலை. முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: தூசியை முதலில் எடு, அப்புறம்தான் துடை. திரையைக் கீறுவது துணி என்று பலர் நினைக்கிறார்கள். துணிக்கும் திரைக்கும் நடுவே சிக்கிய துகள்தான் பெரும்பாலும் கீறுகிறது. கீழே நான் எழுதுவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் உங்கள் திரை எந்த வகை என்று பாருங்கள்

திரையை அணைத்துவிட்டு, மேலே எரியும் டியூப் லைட் அதில் எப்படித் தெரிகிறது என்று கவனியுங்கள். விளக்கின் ஓரம் கண்ணாடியில் தெரிவதுபோல் கூர்மையாகத் தெரிந்தால் அது பளபளப்பான திரை. வெளிச்சம் மங்கலாகப் பரவித் தெரிந்தால் அது மேட் திரை. பள்ளி, அலுவலக லேப்டாப்களில் பெரும்பாலும் மேட் திரைதான் வரும்.

மேட் திரையில் உங்கள் விரல் தொடுவது கண்ணாடியை இல்லை. கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் படலம் அது. ஒளியை வடிகட்டும் அந்தப் படலத்தின் மேல்முகத்தை நுண்ணிய மேடுபள்ளமாக ஆக்கி, கடினப் பூச்சு பூசியிருப்பார்கள். அதனால்தான் வெளிச்சம் சிதறிக் கண் கூசாமல் இருக்கிறது. அந்தப் பூச்சின் உறுதியைப் பென்சிலால் அளப்பார்கள். திரைப் பலகைகளின் விவரத்தாளில் 3ஹெச் என்று போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அதைவிடக் கெட்டியான பென்சில் கோடு போட்டுவிடும் என்று பொருள். அந்தப் பூச்சு தாங்குவது அவ்வளவுதான். அதோடு அந்த மேடுபள்ளத்தை அழுத்தித் தேய்த்தால் மேடுகள் வழவழப்பாகி, அந்த இடம் மட்டும் எண்ணெய் பட்டதுபோல் மினுங்கும். பிறகு அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

தொட்டால் இயங்கும் திரைகளில் பெரும்பாலும் மேலே உண்மையான கண்ணாடி இருக்கும். அது கொஞ்சம் தாங்கும். ஆனால் கண்ணாடி மீதும் மெல்லிய பூச்சுகள் உண்டு. எதிரொளியைக் குறைக்க ஒன்று, விரல் எண்ணெய் ஒட்டாமலிருக்க இன்னொன்று. 2015இல் ஆப்பிள் நிறுவனம் சில மேக்புக் மாடல்களில் எதிரொளிப் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்ததற்காக இலவசமாகத் திரை மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது. கண்ணாடிதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

துணி

மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும். ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. மூக்குக்கண்ணாடி வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னத் துணி தருவார்களே, அதேதான், கொஞ்சம் பெரிதாக. பாலியஸ்டரும் பாலிமைடும் கலந்து நெய்து, ஒவ்வோர் இழையையும் பல கீற்றுகளாகப் பிளந்திருப்பார்கள். அந்தப் பிளவுகளுக்குள் தூசியும் எண்ணெயும் போய் மாட்டிக்கொள்ளும். பருத்தித் துணி அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகும். மைக்ரோஃபைபர் எடுத்துக்கொண்டு வந்துவிடும். வீட்டுச் சாமான் கடையில், கார் உதிரிக் கடையில் எல்லாம் கிடைக்கிறது. கார் துடைக்கும் தடித்த, மயிர் நீண்ட வகை வேண்டாம். ஓரத்தில் கெட்டியாகத் தையல் போட்டதும் வேண்டாம். முரட்டு லேபிள் தைத்திருந்தால் அதை வெட்டிவிடுங்கள்.

நம் வீடுகளில் துடைக்க முதலில் கைக்கு வருவது பழைய வேட்டிதான். நூறு முறை துவைத்த வேட்டி பஞ்சுபோல் இருக்கும், அதை விட மென்மையானது எது என்று என் அம்மாகூடக் கேட்பார். கையால் தடவிப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அதில் மூன்று சிக்கல். பழைய பருத்தி நூல் தூள்தூளாக உதிரும். கஞ்சி போட்ட வேட்டி என்றால் அந்தக் கஞ்சி ஈரத்தில் கரைந்து திரையில் வெள்ளைப் படலமாக ஒட்டும். கரையில் சரிகை இருந்தால் அது உலோக இழை. அக்காவின் சேலைத் தலைப்பு செய்த வேலை அதுதான். டிஷ்யூ, கிச்சன் டவல், பள்ளிச் சட்டை, டி-ஷர்ட்டின் ஓரம் எதுவும் வேண்டாம். டிஷ்யூ மரக்கூழில் செய்தது. மூக்குக்கு மென்மையாக இருப்பது மேட் படலத்துக்கு அப்படி இருக்காது.

காற்று ஊத ஒரு ரப்பர் பம்ப் இருந்தால் மிகவும் நல்லது. கேமரா கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். பிராங்கின் மால் பக்கம் போனால் கம்ப்யூட்டர் சாமான் கடைகளிலும் பார்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் இதுவரை எதற்கும் பயன்படுத்தாத, முடி மென்மையான ஓவியத் தூரிகை ஒன்று போதும். வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி நிச்சயம் தெறிக்கும், அது காய்ந்தால் இன்னொரு கறை.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் ஈரம் காய்ந்த பிறகு திரையிலேயே தங்கி, வட்டவட்டமாக வெள்ளைத் தடம் விடும். காய்ச்சி வடித்த நீர்தான் சரி. கார் பேட்டரிக்கு ஊற்றவென்று கடைகளில் கிடைக்கும். லேபிளில் மலாயில் ஆயர் சூலிங் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி அமிலம் பக்கத்து அலமாரியில்தான் இருக்கும், அதனால் படித்துவிட்டே எடுங்கள்.

அது கிடைக்கவில்லை என்றால் எளிய வழி ஒன்று உண்டு. போத்தல் தண்ணீரின் லேபிளே அது என்ன தண்ணீர் என்று சொல்லிவிடும். மினரல் வாட்டரா, சாதாரணக் குடிநீரா என்று பாருங்கள். மினரல் வாட்டர் நிலத்தடி நீர், தாது உப்புகள் அதில் இயல்பாகவே இருக்கும். சாதாரணக் குடிநீர்ப் போத்தலில் பெரும்பாலும் சுத்திகரித்து உப்பை எடுத்த தண்ணீர். திரைக்குச் சாதாரணக் குடிநீரை எடுங்கள். விலையும் அதுதான் குறைவு.

திரையில் படவே கூடாதவை

ஜன்னலுக்கு அடிக்கும் நீல நிறக் கண்ணாடித் திரவத்தில் அமோனியா இருக்கலாம். அது ஜன்னலுக்கு நல்லது, திரைப் பூச்சுக்கு எதிரி. எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பையன், பழுதுபார்க்கும் கடை ஒன்றில் லேப்டாப்பைக் கொடுத்து வாங்கினான். பழுது சரியாகிவிட்டது. கடைசியில் மரியாதைக்குத் திரையையும் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அந்த நீலத் திரவத்தை அடித்து. வீட்டுக்கு வந்து வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் திரையின் நடுவே பனி படர்ந்ததுபோல் ஒரு திட்டு. தண்ணீரில் துடைத்தால் ஈரமாக இருக்கும்வரை மறையும், காய்ந்ததும் திரும்பி வந்துவிடும். இதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், அது அழுக்கு இல்லை, பூச்சு போய்விட்டது. லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும்போது, திரையைத் துடைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், தின்னர், குளோராக்ஸ், டெட்டால், வினிகர் எதுவும் வேண்டாம். கையில் தடவும் சானிடைசர் ஜெல்லில் ஆல்கஹால் இருக்கிறதே என்று சிலர் போடுகிறார்கள். அதில் கெட்டியாக்கும் பொருளும் கிளிசரினும் சேர்ந்திருக்கும், துடைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. குழந்தைகளுக்கான ஈரத்தாளில் லோஷன் உண்டு, அதுவும் அப்படித்தான். கீறலை மறைக்கப் பற்பசை போடச் சொல்வார்கள். பற்பசை என்பது நுண்ணிய அரத்தூள். ஒரு கீறலுக்குப் பதில் ஆயிரம் கீறல் கிடைக்கும்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நம்முடையது. புளியின் அமிலம் பித்தளையின் கறுத்த மேல்படலத்தைக் கரைத்து எடுக்கும், அடியில் புதுப் பித்தளை மின்னும். விளக்குக்கு அடியில் இன்னும் நிறையப் பித்தளை இருக்கிறது. திரைக்கு இருப்பது ஒரே ஒரு படலம். சரி, எலுமிச்சைச் சாற்றிலாவது துடைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

இனி துடைக்கலாம்

லேப்டாப்பை முழுவதுமாக நிறுத்துங்கள். உறக்க நிலையில் விடாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, சுமார் 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான திரையில் ஈரம் துடைப்பதற்குள் காய்ந்து கோடுகோடாகத் தடம் விடும். அதோடு கறுப்புத் திரையில்தான் அழுக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். சில மாடல்கள் மூடியைத் திறந்தாலோ விசையைத் தொட்டாலோ தானாக எழும்பிவிடும், கவனம்.

மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள். இது பலரும் விடுகிற இடம். நாம் எடுத்த தூசியை விட விசிறியின் இறக்கையிலிருந்து விழும் தூசி அதிகம். மேசையில் ஒரு துண்டு விரித்து, லேப்டாப்பை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்தால் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் தெரியும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொடங்கினால் துடைக்கத் துடைக்க அழுக்குதான் கூடும்.

முதல் வேலை ஊதுவது. ரப்பர் பம்பைத் திரைக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, மேலிருந்து கீழாக, ஓரங்களிலும் ஊதுங்கள். தூரிகை என்றால் அதன் எடை மட்டும் படும்படி இழுத்தால் போதும். அடைத்த காற்று டப்பா பயன்படுத்துகிறவர்கள் அதைக் குலுக்கவோ சாய்க்கவோ கூடாது. சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே பீய்ச்சி வந்து, பட்ட இடத்தை உறைய வைத்துவிடும். ஒரு சாண் தூரத்தில் நிமிர்த்திப் பிடித்துச் சின்னச்சின்னதாக அடியுங்கள். திரை சுத்தமாகத் தெரிந்தாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டாதீர்கள்.

அடுத்து உலர்ந்த துணி. தொழிற்சாலையில் நாங்கள் மடிக்கும் முறையைச் சொல்கிறேன். துணியை இரண்டாக மடியுங்கள், மறுபடி இரண்டாக மடியுங்கள். இப்போது உள்ளங்கை அளவில் முன்னும் பின்னும் இரண்டு முகம் வெளியே இருக்கும். மடிப்பைப் பிரித்துத் திருப்பினால் மொத்தம் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரு பட்டை துடைத்ததும் அடுத்த முகத்துக்கு மாறுங்கள். துடைத்த முகத்தில்தான் இப்போது தூசி இருக்கிறது. அதையே மறுபடி திரையில் வைத்தால் எடுத்ததைத் திரும்பத் தேய்க்கிறோம்.

இடது கையால் மூடியின் பின்புறத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கீல் ஆடும், கையும் தன்னையறியாமல் அழுத்தும். இடமிருந்து வலமாக ஒரே திசையில் ஓர் இழுப்பு. கையை எடுத்து, முதல் பட்டையின் கீழ்ப்பகுதி மேலும் கொஞ்சம் படும்படி அடுத்த இழுப்பு. இப்படி மேலிருந்து கீழே வர வேண்டும். வட்டமாகச் சுழற்றித் துடைப்பதை நான் விரும்புவதில்லை. தப்பித்தவறி ஒரு துகள் மாட்டியிருந்தால் சுழற்றும்போது அது திரும்பத் திரும்ப அதே இடத்தைச் சுற்றும். நேர்க்கோட்டில் போனால் ஒருமுறையோடு வெளியேறிவிடும். எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், தூங்கும் குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை எடுக்கிற அளவு. பல நாள்களில் இதோடு வேலை முடிந்துவிடும். விரல் தடமோ கறையோ இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னும் தடம் இருந்தால் ஈரத் துணி. தண்ணீரை ஒருபோதும் திரையில் தெளிக்காதீர்கள். லேப்டாப் இருக்கும் மேசையிலிருந்து தள்ளி நின்று, துணியில் தெளியுங்கள். திரையில் தெளித்த துளி எங்கே போகும்? கீழேதான் வழியும். லேப்டாப் திரையின் அடி விளிம்பில், அந்தப் பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால்தான் படத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகையும் அதன் மெல்லிய இணைப்புகளும் வரிசையாக இருக்கும். நான்கு பக்கங்களில் மிக ஆபத்தான பக்கத்துக்குத் தண்ணீர் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

துணி எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும்? புறங்கையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தோலில் மெல்லிய பளபளப்பு தெரிந்து, இரண்டு மூன்று விநாடியில் மறைந்துவிட வேண்டும். துளி நின்றால் பிழியுங்கள். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், நீங்கள் நினைப்பதை விடக் குறைவான தண்ணீர் போதும். முன்போலவே ஒரே திசையில், மேலிருந்து கீழாக. விளிம்புக்குச் சுண்டுவிரல் அகலம் இருக்கும்போதே கையை எடுத்துவிடுங்கள். விளிம்பை அப்புறம், துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த முகத்தால் ஒரே ஓர் இழுப்பில் முடிக்கலாம்.

உடனே இரண்டாவது, உலர்ந்த துணி. ஈரம் தானாகக் காயட்டும் என்று விட்டால் தடம் விழும். பிறகு மூடியைத் திறந்தே 15 நிமிடம் வையுங்கள். மழை நாளில் அரை மணி நேரம். ஈரத்தோடு மூடினால் அது விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே அடைபட்டு நிற்கும்.

பிடிவாதக் கறைகள்

சந்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். காய்ந்த சந்தனப் பொட்டு பார்க்க மென்மையாக இருந்தாலும் அது மரத்தூள். கல்லில் உரைத்ததென்றால் கல்துகளும் சேர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டாதீர்கள். உதிரக்கூடியதை ஊதி எடுத்துவிட்டு, ஈரத் துணியின் ஒரு முனையைப் பொட்டின் மேல் அப்படியே வைத்து, தேய்க்காமல் 30 விநாடி பிடித்திருங்கள். தூக்கினால் பாதி துணியோடு வந்துவிடும். வேறு முகத்தை வைத்து மறுபடியும். மூன்று நான்கு முறையில் தேய்க்காமலே போய்விடும். பெரிய கறை எதற்கும் இதே ஒத்தடம்தான்.

குங்குமத்தில் வரிசை மாறக்கூடாது. ஈரத்தை முதலில் வைத்தால் சாயம் கரைந்து சிவப்பாகப் பரவும். லேப்டாப்பை முன்னால் சாய்த்துப் பிடித்து, தூரிகையால் பொடியைக் கீழே விழவைத்து, ஊதி, கண்ணுக்குப் பொடி தெரியாதபோதுதான் ஈரம். விபூதிக்கும் அப்படியே. அடுத்த பூசைக்கு மூடியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னத் தாளை ஒட்டி, அதன்மேல் பொட்டு இடுங்கள். அக்கா வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

தே தாரிக் தெறித்த புள்ளியில் இரண்டு பொருள் இருக்கிறது. சர்க்கரை வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பாலின் கொழுப்பு மட்டும் மங்கலாக நிற்கும். அதற்கு ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு. நுரை வரக்கூடாது. அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தி எடுத்து, வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்து, பிறகு உலர்ந்த துணி. தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பிராணிப் புகையின் மஞ்சள் படலம் இரண்டுக்கும் இந்தச் சோப்புத் தண்ணீரே போதும்.

விசைகளின் கட்டம் அப்படியே திரையில் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடும்போது விசைகளில் ஊறிய கை எண்ணெய் திரையில் ஒட்டுகிறது. ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு தட்டச்சு செய்கிற வீடுகளில் அது இன்னும் தெளிவாக இருக்கும். திரையை மட்டும் துடைத்துப் பயனில்லை, மூடிய அன்றே திரும்ப வரும். விசைப்பலகையையும் அதே நாளில் துடையுங்கள். சிலர் நடுவே ஒரு துணியை வைத்து மூடுகிறார்கள். மெல்லிய லேப்டாப்களில் இடைவெளியே இருக்காது, தடித்த துணி திரையை அழுத்தும். கேமராவை மறைக்கும் பிளாஸ்டிக் மூடியோடு மேக்புக்கை மூட வேண்டாம் என்று ஆப்பிளே 2020இல் எச்சரித்தது.

ஐபிஏ பற்றி

தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஐபிஏதான். ஐசோபுரோபைல் ஆல்கஹால். மருந்துக்கடைகளில் 70 விழுக்காடு என்று கிடைக்கும். வேகமாகக் காயும், எண்ணெயை நன்றாக எடுக்கும். இருந்தாலும் வீட்டில் இதைக் கடைசியாகத்தான் எடுக்கச் சொல்வேன். உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் கையேட்டில் திரைக்கு ஆல்கஹால் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும், அங்கே சொன்ன அளவில். எல்லா மாடலுக்கும் ஒரே விதி கிடையாது. போடுவதென்றால் துணியில் நாலைந்து சொட்டு, மூலையில் ஓர் அங்குலத்தில் சோதித்துப் பார்த்து, காய்ந்ததும் மங்கவில்லை என்றால் மேலே தொடரலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். சாமி விளக்கு எரிகிற அறையில் போத்தலைத் திறக்காதீர்கள், அது சட்டென்று பற்றிக்கொள்ளும். அன்றாட விரல் தடத்துக்குத் தண்ணீரே போதுமானது.

எவ்வளவு துடைத்தும் போகாதவை

மூன்று முறை முயன்றும் போகாததை நான்காவது முறை அழுத்தித் துடைக்கத் தோன்றும். திரைகள் அதிகம் கெடுவது அந்த நான்காவது முறையில்தான். முதலில் அது மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். திரையை ஓட விட்டு, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். வெள்ளையில் மட்டும் வெளிச்சமாகத் தெரியும் திட்டு, பைக்குள் அழுந்தியதால் உள்அடுக்கில் வந்தது. எப்போதும் ஒரே நிறத்தில் நிற்கும் ஊசிமுனைப் புள்ளி, கெட்டுப்போன பிக்சல். துடைப்பது இவற்றில் எதற்கும் உதவாது. கீறலும் அப்படியே. அக்கா மகளின் திரையில் அந்த நான்கு கோடுகளும் இன்னும் இருக்கின்றன. வெள்ளைப் பக்கத்தில் தேடினால்தான் தெரியும் என்பதால் திரையை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஈரம் விளிம்புக்குள் போய்விட்டால்

லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் மின்விசையை அழுத்திப் பிடித்து உடனே நிறுத்துங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடி விளிம்புக்குத்தான் இறங்கும். அதனால் லேப்டாப்பைக் கவிழ்த்து, கூடாரம்போல் துண்டின் மேல் நிறுத்துங்கள். திரையின் மேல் விளிம்பு இப்போது கீழே இருக்கும். ஹேர் டிரையரின் சூட்டில் திரையின் அடுக்குகள் பிரியும், அது வேண்டாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம், அரிசி மாவு துளைகளுக்குள் போகும். வேலை செய்கிறதா என்று அவசரப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்வதுதான் பலகையை எரிக்கிறது. திறந்து காயவைக்கத் தெரிந்த கடைக்கு அப்படியே கொண்டுபோங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

ஊதிவிட்டு உலர்ந்த துணியால் துடைப்பது வாரம் ஒருமுறை. ஈரத் துணி, தடம் தெரியும்போது மட்டும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று பிசுபிசுப்பாகப் படியும், அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரம் தேவைப்படலாம். 2015, 2019 மாதிரிப் புகைமூட்டம் சூழ்கிற காலத்தில் ஊதுவதைத் தினமும் செய்யுங்கள், வேலை முடிந்ததும் மூடிவையுங்கள். திறந்தபடி இரவு முழுக்க விட்டால் காலையில் விரல் வைத்தால் தடம் தெரியும்.

துணியைத் துவைப்பது திரையைத் துடைப்பதில் பாதி. மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டால் துண்டின் பஞ்செல்லாம் இழைக்குள் ஏறிவிடும். சாஃப்ட்னர் பட்டால் இழையில் மெழுகுப் படலம் பிடித்து, அடுத்தமுறை அது திரைக்குப் போகும். தனியாக ஒரு கிண்ணத்தில் ஒரு சொட்டுச் சோப்பு விட்ட தண்ணீரில் அலசி, நுரை போகும்வரை மூன்று தண்ணீர் மாற்றி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, வீட்டுக்குள்ளேயே நிழலில் போடுங்கள். பால்கனிக் கொடியில் போட்டால் சாலைத் தூசி ஒட்டும். தரையில் விழுந்த துணி அன்றைக்குத் திரைக்கு ஆகாது, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் துவைத்த பிறகுதான். காய்ந்ததும் ஜிப் உறையில் போட்டு, மேலே எழுதிவையுங்கள், வீட்டில் வேறு யாரும் அதை எடுத்து மேசையைத் துடைத்துவிடாதபடி. அக்கா வீட்டு உறையில் என் மருமகள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "திரைக்கு மட்டும். அம்மா, இது உங்களுக்கும்."